நான் எறிந்த பதினொரு பட்டாணி

பயறு துப்புரவாக்கும்போது சூம்பின மணி ஒன்று விரலில் பட்டால் இன்றைக்கும் என் கை ஒரு கணம் நின்றுவிடும். மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில், எங்கள் வீட்டுக் குசினியில் கதிரையைப் போட்டு அமர்ந்து, நல்லதை இந்தப் பக்கமும் பழுதை அந்தப் பக்கமுமாக ஒதுக்குவது நான் யோசித்துச் செய்கிற வேலை இல்லை. கை தானாகச் செய்யும். அப்படிக் கை தானாகச் செய்ததில்தான் ஒருமுறை இன்னொருவருடைய ஆறு வருட உழைப்பைக் குப்பையில் போட்டேன்.

அந்த ஒருவரை நான் டொக்டர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். கோயம்புத்தூர்க்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நகரின் மறு ஓரத்திலுள்ள பொயிண்ட் குக்கிலிருந்து நகரத்தைக் கடந்து வேலைக்கு வருவார். மருந்து எழுதும் டொக்டர் அல்ல. பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து புது இனம் உருவாக்கும் ஆராய்ச்சியாளர். அவர் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் விதைகளைத் துப்புரவாக்கி, எண்ணி, உறையில் இடுவது என் வேலை. வடக்கே, கோடையிலும் குளிர் விடாத நாடுகளில் விளையக்கூடிய, புரதம் மிகுந்த பட்டாணி ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். அங்கே பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் இங்கே இன்னொரு போகம் எடுத்துவிடலாம் என்பதால் அந்த வேலை மெல்பேர்னில் நடந்தது. மொட்டு விரியுமுன் அதை இடுக்கியால் திறந்து, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். ஆனால் புரதம் கூடின விதை குளிர் மண்ணில் அழுகிவிடும். குளிரைத் தாங்கும் விதையில் புரதம் போதாது. இரண்டும் சேர்ந்து வரக்கூடும் என்று அவர் நம்பிய செடி ஒன்றே ஒன்று. அதன் விதைகளைத்தான் அன்று காலை என்னிடம் தந்தார்.

"சுத்தம் பண்ணி எண்ணி வைங்கக்கா" என்றார். செய்தேன், என் வீட்டு முறைப்படி. மத்தியானம் வந்து உறையின் மேல் நான் எழுதியிருந்த முப்பதைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு இருந்துச்சேக்கா. மீதி எங்க?"

"சூம்பினதெல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சு போட்டன், டொக்டர். பழுதெல்லோ?"

அவர் முகம் வெளிறிப் போனது. "அக்கா... அதுதான்க்கா வேணும்."

மாச்சத்துக் குறைந்த பட்டாணி காயும்போது சுருங்கிவிடுமாம். அதில்தான் புரதத்தின் பங்கு கூடுதலாம். பசியில் வாடின விதை என்று நான் கழித்துவிட்டதுதான் சத்து நிறைந்தது. வேலை போய்விடுமே என்ற பயம்கூடப் பிறகுதான் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் கழிவு மூட்டையில், மற்றச் செடிகளின் உறைகளிலிருந்து நான் எறிந்த, உண்மையிலேயே பழுதான சூம்பின மணிகளும் கலந்து கிடந்தன. டொக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூட்டையை வெள்ளைத் துணியில் கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "இந்தச் செடியோட விதைக்கு மட்டும் கண்ணு கறுப்புக்கா" என்று ஒரு மணியை எடுத்துக் காட்டினார். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. இத்தனை காலம் ஆயிரக்கணக்கில் எண்ணியும் விதைக்கு ஒரு கண் இருப்பதை நான் கண்டதில்லை. உமியையும் தூசியையும் விலக்கி விலக்கி, வேலை முடியும் நேரத்துக்குள் பத்தைக் கண்டெடுத்தோம். பதினொன்றாவது அகப்படவில்லை. டொக்டர் பதிவேட்டில் 'கழிவிலிருந்து மீட்டவை' என்று எழுதினார். யார் எறிந்தது என்று எழுதவில்லை.

அந்தப் பத்தும் குளிரறையில் ஈர மண்ணுக்குள் போயின. நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம், மண் அப்படியே கிடக்கும். அழுகிவிட்டிருந்தால் ஆறு வருடமும் போனதுதான். மூன்றாம் வாரம் ஒரு நாள், நடுக்கும் அந்தக் குளிரில், மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு ஒரு பச்சை வளைவு நின்றது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை. ஏழு முளைத்தன. அடுத்த போகத்தில் அளந்தபோது புரதமும் குறையவில்லை. டொக்டர் அந்த விதைகளோடு வடக்கே போய்விட்டார்.

போன கிழமை பயறு துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சாம்பல் வானத்தின் கீழ், கண்ணுக்கு எட்டிய மட்டும் பட்டாணி வயல். நடுவில், தொப்பியும் கையுறையுமாக டொக்டர், புள்ளி அளவில். கீழே எழுதியிருந்தார்: "அக்கா, இது நீங்க தூக்கிப் போட்டது. பதினொண்ணாவது மட்டும் இன்னும் கிடைக்கல."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்த சூம்பின பயறு அத்தனையையும் அள்ளி, மற்றதோடு சேர்த்து அடுப்பில் வைத்தேன்.

சாப்பிடும்போது கணவர், "என்னப்பா, பயறு சிலது அவியேல்லை" என்றார்.

"ஓம், அது அப்பிடித்தான்" என்றேன். "எறியாமல் சாப்பிடுங்கோ."