நாலு பேர் ஆட்டத்தில் ஐந்தாவது ஆள்

மஹ்தியா துறைமுகத்தில் ஹசூனா என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஸாயித் என்று கேட்டால், காப்பிக் கடை வாணீஸ் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே தாடையால் காட்டிவிடுவான். அதோ, ஜன்னலோர மேசை. நாலு பேர் ஷ்கொப்பா ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நாற்காலியைக் கோணலாகப் போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவர்கள் கைச்சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

ஸாயித் என்றால் மிச்சம், தேவைக்கு மேல். நாம் ஜாஸ்தி என்கிறோமே, அதற்குத் தூரத்து உறவு. அந்தச் சொல் இல்லாமல் அந்த ஊரில் ஒரு பொழுது நகராது. குழம்பில் உப்பு ஸாயித். கால்சட்டையில் நாலு விரல் துணி ஸாயித், பிடித்துத் தை. மருமகள் பேச்சு ஸாயித். இந்த வயதில் டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது, ஸாயித். புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்ததும் எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்குவார்கள். ஷ்கொப்பாவுக்கு அவை ஆகாது. அவையும் ஸாயித். ஆனால் பிள்ளை பிறந்தாலும் அந்தச் சொல்லின் உடன்பிறப்பைத்தான் சொல்வார்கள், வீட்டில் ஒரு உயிர் கூடியது என்கிற மாதிரி. மகள் ரீம் பிறந்தபோது, வேலை பார்த்த ஐஸ் பாக்டரியில் ஹசூனாவை அப்படித்தான் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அவர் காதுக்கு அந்தச் சொல் இனித்தது அந்த ஒருநாள்தான்.

பெயர் ஒட்டிக்கொண்ட கதை பெரிய கதை இல்லை. அவர் மேற்கே கெஃப் மலைக்காரர். படகுகளுக்கு ஐஸ் பார் போடும் பாக்டரியில் மெஷின் பார்க்க வந்தவர். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் கடைக்குள் நுழைந்தார். ஜன்னலோர மேசையில் ஃபரஜ் தண்டல் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவர் படகு ஓட்டுகிறவர், கடையில் பேசினால் கரை வரை கேட்கும்.

"ஏ மலைக்காரா, ஆடுறியா?"

"ஐயோ, இருக்கட்டும்ணே. நீங்க ஆடுங்க."

சொல்லிவிட்டு ஹசூனா நின்றார், அடுத்த அழைப்புக்காக. அவர் ஊரில் அப்படித்தான். முதல் தடவை மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை மார்பில் கை வைத்து மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது உட்காரலாம். ஆனால் தண்டல் பக்கத்தில் நின்ற தாஹிரை உட்கார வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்: "நானு, ஷாத்லி, முன்ஜி, தாஹிர். நாலு ஆச்சு. இவன் ஸாயித்!" மேசையே சிரித்தது. ஹசூனாவும் சிரித்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தலை நரைத்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. அந்த நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை.

மனைவி ஸுலைகா இருந்தபோது ஒருதடவை கேட்டாள்: "அவ்வளவு ஆசைன்னா, நானும் ஆடுறேன்னு வாயத் திறந்து கேளுங்களேன்."

"வேணும்னா அவங்களே கூப்பிட்டிருப்பாங்க. கேக்குறது ஸாயித்" என்றார்.

ஸுலைகா போய்ச் சேர்ந்துவிட்டாள். ரீம் பிரான்சில் லியோனில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைதோறும் பேசுவாள். ஹசூனாவுக்கு இன்னும் ஒரு ஆளுக்கென்று சமைக்கக் கை வரவில்லை. மிஞ்சியதை மறுநாளும் சாப்பிடுவார். பகலெல்லாம் வானொலி பாடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

இந்தக் குளிர்காலத்தில் தாஹிர், மகன் வீட்டோடு இருந்துவிடுவதாகச் சொல்லி பிஸெர்த்துக்குப் போய்விட்டார். மேசையில் ஒரு இடம் காலி. ஹசூனா அன்று முகம் மழித்துக்கொண்டு போனார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஸாயித், உக்கார்றியா?" என்றார் தண்டல்.

கண் காலி நாற்காலிக்குப் போனது. ஆனால் நாக்கு மலையில் வளர்ந்த நாக்கு. "பரவால்லண்ணே, எனக்கென்ன. நீங்க வேற யாராச்சும் பாருங்க."

"டேய் வாணீஸ், எதிர்ல அந்த டயர்க் கடைக்காரனைக் கூப்பிடு!"

டயர்க் கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டான். ஹசூனாவின் கை மார்புக்குப் போகப் பாதி தூரம் எழுந்து, மடியில் விழுந்தது.

வார முடிவில் முடி வெட்டிக்கொள்ள ஷாத்லியின் கடைக்குப் போனார். சீட்டுக் கூட்டாளி ஷாத்லிக்கு ஊரில் நாவிதத் தொழில். கத்தரியை விட வாய் அதிகம் ஓடும்.

"ஏன் ஹசூனாண்ணே, உனக்குச் சீட்டு ஆகாதா? ஏதாச்சும் நேர்த்திக்கடனா?"

"யார்றா சொன்னது?"

"நீதான். தண்டல் கூப்பிட்டாரு, வேணாம்னுட்ட. வந்த அன்னிக்கும் வேணாம், இப்பவும் வேணாம்."

"ஒரு தடவை கேட்டா எவன்டா உடனே உக்காருவான்? எங்க ஊர்ல ஒரு துண்டு ரொட்டிக்குக்கூட மூணு தடவை கேக்கணும். எடுத்த எடுப்பில சரின்னா, அலைஞ்சான்னு பேசுவாங்க."

ஷாத்லி கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணே, இது மீன் ஏலம் போடுற ஊரு. தலைய ஒரு தடவை ஆட்டினா பொட்டி அடுத்தவனுக்குப் போயிரும். ரெண்டாம் தடவை எவன் கேப்பான்? நாங்க என்ன பேசிக்கிட்டோம் தெரியுமா? மலைக்காரன் கௌரவம் பாக்குறவன், நம்மளோட ஆட மாட்டான், கூட வந்து உக்கார்றதே பெருசு, வற்புறுத்தாதீங்கன்னு."

மயிர் அவர் தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொள்ளலாம் என்றால் ஒரு ஆள் வேண்டுமே. தண்டல் கேட்டார். அவர் மறுத்தார். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொன்னால் ஸுலைகா அவரை உலுக்கியிருப்பாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் நேராக மேசைக்குப் போய் நின்றார். உட்காரவில்லை.

"ஃபரஜ் அண்ணே, நான் ஆடுறேன்."

"எதை ஆடுற?" என்றார் முன்ஜி. துறைமுகத்தில் எடைத்தராசு பார்த்தவர், எதையும் இரண்டாம் முறை நிறுப்பவர்.

"சீட்டு. உங்களோட. எனக்கு ஆசையா இருக்கு."

யாரும் சீட்டைத் தொடவில்லை. தண்டல் புருவத்தைத் தூக்கி ஷாத்லியைப் பார்த்தார். ஷாத்லி ஜன்னலைப் பார்த்தான். டயர்க் கடைக்காரன் எழுந்தான். "பெரியவர் உக்காரட்டும். எனக்குக் கடையில ஆள் நிக்குது."

'வேணாம் தம்பி, நீ இரு' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. ஹசூனா அதைக் கடித்து விழுங்கினார். உட்கார்ந்தார். நாற்காலியில் அந்தப் பையனின் சூடு இன்னும் இருந்தது.

மூன்று சீட்டு கைக்கு வந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது: இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. டைமன் ஏழு, அவர்கள் உயிருள்ள ஏழு என்று சொல்லும் அந்த மதிப்புள்ள சீட்டை, எவன் வைத்திருக்கிறான் என்று அது மேசையில் விழும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும், இத்தனை வருஷமும். இப்போது மூன்று பேர் கைச்சீட்டின் முதுகுகள், மூன்று மூடிய முகங்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"போடுய்யா, மீன் நாறிப்போயிரும்!" என்றார் தண்டல்.

போட்டார். அடுத்து உட்கார்ந்திருந்த முன்ஜி நிதானமாக அந்த உயிருள்ள ஏழுச் சீட்டை இறக்கி, மேசையில் கிடந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டார். ஹசூனாவின் ஜோடி தண்டல்தான். அவர் மேசையை அறைந்தார். "கழுத! அந்தச் சீட்டைப் போய் போடுவியா? இவ்வளவு காலம் பின்னால உக்காந்து என்ன மயிரப் பாத்த?"

காப்பிக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த மேசையில் அவரை யாரும் திட்டியதே இல்லை. திட்டுவதற்கு அவர் எதையும் இழந்ததில்லை.

தோற்றார்கள். தோற்றவர் கொடுக்க வேண்டிய காப்பிக் காசை இருவரும் பாதிப் பாதி போட்டார்கள். தண்டல் கோட்டை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஒழுங்கா ஆடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் வானொலி தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். சொல்ல ஆள் இல்லை. ரீமைக் கூப்பிட்டார்.

"அப்பா, வேலையில இருக்கேன். வெள்ளிக்கிழமை பேசட்டுமா?"

"இல்லம்மா. இப்பவே கேளு, ரெண்டே நிமிஷம். இன்னிக்குத் தண்டல் என்னைத் திட்டினாரு."

"ஐயோ, ஏன்? என்னப்பா செஞ்சீங்க?"

அவர் தான் போட்ட சீட்டு எதுவென்பதிலிருந்து விவரமாகச் சொல்லத் தொடங்கினார்.