ஹேண்ட்பிரேக் மேல் ஒரு கை

என் மனைவிக்கு 'ஹேண்ட்பிரேக் டீச்சர்' என்றுதான் பெயர். முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளுடைய பழைய காரில் டீச்சருக்கென்று தனி பிரேக் கிடையாது. அதனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்திருப்பாள். ஓட்டப் பழக வந்தவர்கள் சுவரைப் பார்த்துப் போனால் ஒரே இழுப்பு. அந்தக் கையால் எத்தனை சுவர் பிழைத்ததோ.

வீட்டிலும் அதே கதைதான். விருந்தாளிகள் முன்னால் நான் கொஞ்சம் அளந்துவிட ஆரம்பித்தால், ஹேண்ட்பிரேக் போடுங்க என்பாள். வாயை மூடிக்கொள்வேன். எங்கள் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கினால்கூட "அம்மா, ஹேண்ட்பிரேக்" என்றுதான் கத்துவாள்.

நான் தையல்காரன். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் இவள்தான். தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்க என்று எத்தனை திட்டு! எங்கள் தெரு ஒரு மேடு. அதில் நான் நிறுத்தி எடுத்தால் வண்டி ஒரு முழமாவது பின்னால் போய்விடும். லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருடமாகியும், நான் ஓட்டினால் அவள் கை பிரேக் மேல்தான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை என்னை நம்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு வரமாட்டாளா? இதற்காக இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். கை தானாகப் போகுது, நான் என்ன பண்ண என்பாள்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்து, அந்தக் கையே விழுந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் காரில் கூட்டிவந்தேன். எங்கள் மேட்டில் ஏறும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். கை மடியில் கிடந்தது. பாவி, இதற்கா ஆசைப்பட்டேன்?

பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைப் போட்டேன். அவளும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே உங்க இஷ்டத்துக்கு ஓட்டலாம்," என்றாள். வாய் கொஞ்சம் குழறியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைத் தூக்கி ஹேண்ட்பிரேக் மேல் வைத்து, அதன் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"நீ பிடிச்சுக்கோ. எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு பேர் கையுமாகத்தான் பிரேக்கை இறக்கினோம். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.