பேய்க்கு உறைத்த வடை

தொண்ணூறுகளில் லண்டனில் டூட்டிங்கில் குடியிருந்தோம். என் நான்கு வயது மகள் நூலகத்திலிருந்து ஹாலோவீன் படப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் ஒரு குட்டிப் பேய் வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்கும். பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வரும் அந்த நாளைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது; அது அன்றுதான் என்பதும் தெரியாது. படங்களைப் பார்த்துத் தமிழில் கதை சொன்னேன்.

அன்று மாலையே அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், வெள்ளைத் துணி போர்த்திய ஒரு சின்னப் பேய். பக்கத்தில் அதன் தாய்.

மகள் துள்ளினாள். “அம்மா, பேய் வந்திட்டுது! ஏதாவது குடுங்கோ!”

வீட்டில் இனிப்பு இல்லை. அப்போதுதான் பொரித்த பருப்பு வடையைக் கொடுத்தேன். பேய் துணிக்குள்ளேயே வைத்துக் கடித்துவிட்டு “ஸ்ஸ்” என்றது.

“பேய்க்கு உறைக்குதம்மா, தண்ணி குடுங்கோ!”

தண்ணீர் குடித்த பேய் இன்னொரு வடைக்குக் கை நீட்டியது. தாய்மார் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.