வடக்குச் சுவரில் அணைத்த பனி

ஸ்டெஃப்கா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் குளிர் மிகுந்த டாஃபின் வட்டாரத்தில் எந்த வீட்டின் நிலவறையில் வீட்டைச் சூடாக்க எந்த ஃபர்னஸ் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் கணவன் நெஸ்டர் வீடுகளுக்கு எரிவாயு ஃபர்னஸ் பொருத்துகிறவன். இருபத்தாறு வருடங்களாகச் சமையலறைத் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்வது அவள்தான். ஆட்களை நேரில் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனில் அந்தக் கூச்சம் கிடையாது.

"ஃபர்னஸ்ல சிவப்பு விளக்கு எத்தனை தடவை மினுக்குது? எண்ணிச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

"வண்டியை வித்துடலாம்டி, நீ பேசினாலே சூடு வந்துடுது" என்று நெஸ்டர் கிண்டல் செய்வான்.

அந்த ஜனவரியில் பனிப்புயல் இரண்டாவது நாளும் ஓயவில்லை. சாலைகளை மூடிவிட்டார்கள். நெஸ்டர் வேலைக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டான். அவன் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. காலை பத்து மணிக்கு வாசில் கோஸ்டினியுக் கூப்பிட்டார். எண்பத்தொரு வயது. நடக்க முடியாத மனைவி பராஸ்காவோடு தனிப் பண்ணை வீட்டில் இருப்பவர். போன ஜூலையில்தான் நெஸ்டர் அவருடைய பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டுப் புதியது வைத்தான். பழையதன் புகை கூரைக்கு மேலே போனது. புதியதற்கு வடக்குச் சுவரைத் துளைத்து வெளியே வரும் வெள்ளைக் குழாய்.

"பொண்ணே, உன் புருஷன் வச்ச மெஷின் செத்துப்போச்சு. பராஸ்காவுக்கு உதடு நீலமாயிடுச்சு."

"எத்தனை தடவை மினுக்குது?"

"மூணு."

மூன்று என்றால் காற்றழுத்த ஸ்விட்ச். புகை வெளியேற வழியில்லையென்றால் அது ஃபர்னஸை எரியவிடாது.

"வெளியில குழாய் அடைச்சிருக்கா, பாத்தீங்களா?"

"கதவையே திறக்க முடியல. ஆனா காத்து தெக்கு பக்கம்தான் கொண்டுவந்து கொட்டுது. வடக்குல நான் நவம்பர்ல அணைச்சு வச்ச பனிதான், எப்பவும் போல."

அவள் அதைக் கேட்டாள். கேட்டும் அது அவள் மண்டையில் உறைக்கவில்லை. குளிர் உள்ளே வராமலிருக்க நவம்பரில் சுவரோடு பனியை வாரி இடுப்புயரம் அணைப்பது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. அவள் வீட்டிலும்தான்.

"அப்ப ஸ்விட்ச்தான் கெட்டிருக்கும்" என்றாள். சோதனைக்காக அந்த ஸ்விட்சை நெஸ்டர் இரண்டு நிமிடம் ஏமாற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு துண்டுக் கம்பி போதும். எப்படி என்று சொன்னாள். கிழவர் போனைத் துண்டிக்காமல் வைத்துவிட்டுக் கீழே நிலவறைக்குப் போய் வந்தார்.

"எரியுதுடி! நீ நூறு வருஷம் இருக்கணும். நான் கீழயே நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கறேன்."

மறுநாள் மதியம் சாலை திறந்தது. பராஸ்கா மேலே படுக்கையறையில் மூச்சோடு கிடந்தாள். வாசில் நாற்காலியில் இருந்தபடியே இறந்திருந்தார். நச்சுவாயு அலாரம் பேட்டரி இல்லாமல் இழுப்பறையில் கிடந்தது.

விசாரிக்க வந்த எரிவாயு ஆய்வாளர் ஸ்டெஃப்காவின் சமையலறையில் உட்கார்ந்து கம்பித் துண்டை மேசைமேல் வைத்தார். "இது யார் வேலை?"

"கிழவன் வேலைதான் சார். அவன் கை சும்மா இருக்காது" என்றான் நெஸ்டர்.

"ஆஸ்பத்திரியில அந்தம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்று ஆய்வாளர் படிவத்தை மடித்தார்.

ஸ்டெஃப்கா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆய்வாளரின் முகத்தைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்தே சொன்னாள். "நான்தான் போடச் சொன்னேன்."

"பைத்தியமா உனக்கு? வாயை மூடு."

"போன்ல சொன்னேன். வடக்குல பனி அணைச்சிருக்குன்னு பெரியவரும் சொன்னாரு."

ஆய்வாளர் படிவத்தை மறுபடி விரித்தார். "குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம்?"

"ஒரு அடி."

"பனி மட்டத்துக்கு மேல ஒரு அடி இருக்கணும். இத்தனை நாள் புகைச் சூடே அணைச்ச பனியில ஓட்டை போட்டு வச்சிருக்கு, புயல்ல அது மூடினதும் நச்சுவாயு உள்ளேயே நின்னுடுச்சு."

"ஜூலை மாசம், சார். இவரு புல்லுலேர்ந்து அளந்தாரு. நான்தான் எழுதி வச்சேன்."

நெஸ்டர் எழுந்து வெளியே போனான். வண்டியை எடுக்கவில்லை. சன்னல் வழியே பார்த்தாள். அவன் தங்கள் வீட்டு வடக்குச் சுவரோரம் மண்வெட்டியோடு நின்று, அணைத்த பனியை வெட்டி வெட்டி எறிந்துகொண்டிருந்தான்.

தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை.