பிறை கண்ட சாட்சிகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நானும் தம்பியும் பொய்ச்சாட்சி சொன்னோம். அதுவும் பங்குக் கோயிலில், பத்துக் கட்டளைகளையும் தடுமாறாமல் ஒப்புவித்துப் பாராட்டு வாங்கிய மறு மாதமே.

அப்போது இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியின் ஒடுங்கிய சந்து ஒன்றில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான். பக்கத்துக் கடற்கரையூரான மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. பின்னேரம் போனால், நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை ஒரு பலெர்மோக்காரப் பெண்மணி நடத்தினார். இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா என்போம். ஈஸ்டர் ஏன் ஆண்டுக்கொரு தேதியில் வருகிறது என்று யாரோ கேட்கப்போக, அவர் நிலாவைப் பார்த்து மாதம் எண்ணிய எபிரேயரின் நாட்காட்டிக்குள் இறங்கிவிட்டார். ஆதியில் அவர்கள் பெரும்பாலும் மாதங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தார்களாம். நாடு கடத்தப்பட்டுப் பாபிலோனில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியபோது அந்த ஊர் மாதப் பெயர்களும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டனவாம். அச்சடித்த நாட்காட்டி எல்லாம் கிடையாது. புதுப்பிறையைக் கண்ட இரண்டு பேர் எருசலேமுக்குப் போய் நீதிபதிகளிடம் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களைத் தனித்தனியாக விசாரித்து, இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனால்தான் மாதம் பிறந்ததாக அறிவிப்பார்கள். உடனே மலைகளில் தீ மூட்டித் தூரத்து ஊர்களுக்குச் சேதி சொல்வார்கள்.

வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. சிஞ்ஞோராவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வரும் சனிக்கிழமை மாலை புதுப்பிறை தெரியும், பார்த்துவிட்டு வந்து சரியாகச் சாட்சி சொல்லும் இருவர் கிறிஸ்மஸ் பவனியில் முன்னால் விளக்கேந்திப் போகலாம் என்றார். அதுவரை எங்கள் இருவருக்கும் கிடைத்ததெல்லாம் ஆட்டு வேடம்தான்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததுமே கடற்கரைக்கு ஓடினோம். நிலா கடலிலிருந்துதான் வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நன்றாக இருட்டும்வரை கடலைப் பார்த்தபடி நின்றோம். கப்பல் விளக்குகள்தான் தெரிந்தன.

மறுநாள் காலை அழுத முகத்தோடு இருந்த எங்களை, எழுந்து தேநீரோடு வந்த மாமா கண்டு காரணம் கேட்டார். சொன்னோம்.

"இதுக்கோ அழுறியள்? நான் மன்னாரிலை பிறந்தவன். எனக்குத் தெரியாத பிறையோ? அது தோணி மாதிரிக் கிடக்கும். ரெண்டு கொம்பும் மேலை பாத்தபடி. ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கோ, ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது."

"கடலுக்கு மேலையோ மாமா?" என்று தம்பி கேட்டான்.

"ஓம், கடலுக்கு மேலைதான்."

ரொட்டியைக் கடித்தபடி பலமுறை ஒத்திகை பார்த்தோம். வகுப்பில் சிஞ்ஞோரா தம்பியை வெளியே நிறுத்திவிட்டு முதலில் என்னைக் கேட்டார். பிறகு அவனை அழைத்துக் கேட்டார். எங்கள் வாக்குமூலங்களில் ஒரு சொல் பிசகவில்லை. கொம்புகள் மேலே, கடலுக்கு மேலே. அவர் மெல்லச் சிரித்தார். சாக்கட்டியை எடுத்து, ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பிறை ஒன்றைப் பலகையில் வரைந்தார். அதற்குக் கீழே மலை. கடல் அந்தப் பக்கமே இல்லை.

"இதைத்தான் நேற்று நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தது யாருடைய நிலா?"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. தம்பி உடனே, "மாமாவுடையது" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். சிஞ்ஞோரா கோபிக்கவில்லை. எருசலேமிலும் இப்படிப் பலரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் கிறிஸ்மஸுக்கும் ஆட்டு வேடம்தான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

மாமாவோடு நான் பல நாள் கதைக்கவில்லை. அவர் இனிப்பு வாங்கி வைத்தார். தொடவில்லை. அடுத்த பிறைக்கு அவர் வேலையிடத்தில் யாரிடமோ கெஞ்சி ஒரு மாலையை மாற்றிக்கொண்டார். எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், இம்முறை கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். நகரத்துக்குப் பின்னாலுள்ள மலைக்கு மேல், சிஞ்ஞோரா வரைந்தபடியே அது நின்றது.

"இஞ்சை என்ன, எழும்பியெல்லோ நிக்குது!" என்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கமும் சாய்த்தார். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் சிஞ்ஞோராவின் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "ஏழு வருஷமா இந்த ஊரிலை இருக்கிறியள். ஒருக்காக்கூடப் பாக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றார். அது மலைக்குப் பின்னால் இறங்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பெரியவர் ஒருவர் என்னிடம் தோற்றுவிட்டார் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவரும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த ஏழு வருடமும் சூரியன் மறையும் வேளையில் அவர் எங்கே நின்றிருந்தார் என்று மட்டும் நான் கேட்கவில்லை.