முழுக்கு எடுக்காத எஸ்தர்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் சிற்றாற்றுத் தண்ணீர் கணுக்காலில் பட்டதுமே பல் கிட்டும். அந்தக் குளிரில்தான் எங்கள் சபையார் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சேலையுமாக வரிசையில் நின்று "முழுக்கு" எடுப்பார்கள், நானும் என் அக்கா எஸ்தரும் அவர்களுடைய துண்டுகளை வைத்துக்கொண்டு கரையில் நிற்போம்.

தென்காசியில் எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பழைய கோயிலில், கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் இருவர் நெற்றியிலும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். நான் ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போது அப்பா அந்தக் கோயிலை விட்டு, செங்கோட்டை போகிற ரோட்டில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் நடந்த புதிய சபையில் சேர்ந்தார். எங்களுக்கு நடந்ததற்கு அங்கே பேர் "தெளிப்பு". அது செல்லாது, அறிவு வந்தபின் மனந்திரும்பி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கி எழுந்தவருக்கே இரட்சிப்பு என்றார் பாஸ்டர். அப்பா மூழ்கினார். அவருக்காக அம்மாவும் மூழ்கினாள்.

எஸ்தருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு. மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பூக்கும். குளிர்ந்த தண்ணீரில் முக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வீட்டிலேயே வெந்நீர் விளாவி ஊற்றலாமா என்று அப்பா கெஞ்சாத குறையாகக் கேட்டதற்கு, வேதத்தில் அப்படி இல்லை, விசுவாசம் இருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அப்பா தடுமாறினார்; அம்மாதான் மகளை ஆற்றில் இறங்க விடவில்லை. எஸ்தரோ முழங்காலில் நிற்க முடியாத நாளிலும் படுத்தபடியே ஜெபம் பண்ணுகிறவள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவள். அவளைத்தான் ஞாயிறுதோறும் அப்பம் பகிரும் நேரத்தில், மூழ்காதவள் என்று கடைசிப் பாயில் தள்ளி உட்காரவைத்தார்கள்.

எஸ்தர் பத்தாம் வகுப்பு படிக்கையில் ஒரு பிற்பகல் மூச்சுத் திணறி, அம்மா மடியிலேயே இறந்துபோனாள். வீடு நிறையச் சபையார். சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, பிள்ளை கர்த்தரிடம் போய்விட்டாளா என்று பாஸ்டரிடம் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"முழுக்கு எடுக்காம போயிட்டா. நான் உறுதி சொல்ல முடியாது, பிரதர்."

சபையில் ஒருநாளும் வாய் திறந்து பேசியறியாத அம்மா எழுந்தாள்.

"ஏசு பக்கத்துல சிலுவையில தொங்குன கள்ளன எந்த ஆத்துல முக்குனாவ? மோட்சத்துல அவனுக்குக் கெடச்ச இடம் எம்புள்ளைக்கு இல்லன்னு சொல்லுததுக்கு நீங்க யாரு?"

அம்மா பழைய கோயிலுக்கு ஆள் அனுப்பினாள். அங்கிருந்து வந்த பாதிரி ஐயர் ஒரு கேள்வியும் கேட்காமல், எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஜெபித்து அவளை அடக்கம் செய்தார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் ஒரு பக்கம் போவோம், அப்பா ஒரு பக்கம் போவார். அவர் அந்தச் சபையை விடவில்லை. விட்டால் தமக்கும் மோட்சம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். கிறிஸ்துவோடு மரித்து அவரோடு எழுவதற்கு அடையாளம் ஞானஸ்நானம் என்று நானும் விசுவாசிக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். அந்தத் தண்ணீரைக் காட்டி, மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனைப் பயமுறுத்தியவர்கள்மேல்தான் என் ஆத்திரம்.

இன்று அந்தக் கொட்டகை இல்லை. சீசனுக்கு வருகிறவர்கள் அங்கே கார் நிறுத்துகிறார்கள். பாஸ்டர் எந்த ஊருக்குப் போனார் என்று சொல்லக்கூட ஆளில்லை. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். கடைசி நாளில், நாக்குக் குழறிக்கொண்டிருந்தபோது, அம்மாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"எஸ்தரு அங்கன இருப்பாளாட்டி?"

"இருக்கா. போயிப் பாருங்க," என்றாள் அம்மா.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே பாஸ்டர் அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆயுசு முழுக்க அதற்காக அவரை ஏங்கவிட்டார்கள். நான் இன்னும் மன்னிக்கவில்லை.