ஊதாமல் அணைக்க ஒரு மூடி

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் 'படக்'கென்று விரிசல் விட்டது. அதுவும் எங்கே? படுத்திருக்கும் என் மாமனாரின் தலைமாட்டில்!

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாமாவுக்கு எல்லாமே படுக்கையில்தான். எவ்வளவு துடைத்தாலும் அறையில் ஒரு வாடை... அவருக்கே கூச்சம். ஞாயிறுதோறும் அறந்தாங்கியிலிருந்து பார்க்க வரும் பால்ய சேக்காளி காசிம் பாயைக்கூட, "தூங்குறேன்னு சொல்லிரு ஆத்தா" என்று திருப்பி அனுப்பச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். மாமா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார்.

என் மகள் கவிதாவுக்கு, புதுக்கோட்டையில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு யூனிட்டில் டிசைன் வேலை. அய்யா என்று அவள் கூப்பிடும் தாத்தாவுக்காக ஒரு வாசனை எண்ணெய் பர்னர் செய்துவந்தாள். கீழே குட்டி மெழுகுவத்தி; மேலே கிண்ணத்தில் தண்ணீர், அதில் நாலு சொட்டு மரிக்கொழுந்து எண்ணெய். அறையே மணத்தது. தண்ணீர் வற்றுவதற்குள் அணைத்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

எப்படி அணைப்பது? முருகா என்று ஏற்றிய தீபத்தை வாயால் ஊதுவேனா? பூவால் அமர்த்தலாமென்றால் பர்னருக்குள் கை நுழையவில்லை. தானாக மலையேறட்டும் என்று விட்டேன். தண்ணீர் வற்றி, எண்ணெய் புகைந்து... கிண்ணம் போச்சு. தீப்பிடிக்காமல் முருகன்தான் காப்பாற்றினான்.

கவிதாவுக்குக் கோபம். "மெழுகுவத்திதானம்மா, ஊதுனா என்ன?"

"கேக்கு வெட்டவாடி ஏத்துனேன்?"

படுக்கையிலிருந்து மாமா தீர்ப்பு சொன்னார்: "அவ ஊதமாட்டா ஆத்தா. ஒன் சாமான மாத்து."

மாற்றினாள். மெழுகு தீர்ந்தாலும் தண்ணீர் மிச்சமிருக்கிற ஆழமான கிண்ணம். தட்டினாலும் சாயாத அகலக் கால். அப்புறம், நீளக் காம்பு வைத்த ஒரு குட்டி மூடி — உள்ளே விட்டு மெல்லக் கவிழ்த்தால் தீபம் சத்தமில்லாமல் அடங்கிவிடும். மனுஷர் பழக்கத்தோடு மல்லுக்கு நிற்கிற பொருள் எப்படிங்க பாதுகாப்பாக இருக்கும்?

போன ஞாயிறு, மாமாவிடம் கேட்காமலே காசிம் பாயை வரச் சொல்லி நான் போன் போட்டேன். வந்தவர் நாற்காலியை விட்டுவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். மோந்து பார்த்தார்.

"என்னடா, புதுமாப்ள கணக்கா மணக்குற?"

மாமா சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! சாப்பாட்டு நேரம் வரை சேக்காளியின் கையை அவர் விடவே இல்லை.

இன்றைக்குப் புதன்தான். ஞாயிற்றுக்கிழமைக்குச் சவரம் பண்ண இப்போதே ஆள் கூப்பிடச் சொல்கிறார் புதுமாப்பிள்ளை!